சீமேன் என்றால் யார்? கடலில்லாத ஊரிலிருந்து ஒரு விளக்கம்

போன தை மாதம் அக்கா மகன் லீவில் ஊருக்கு வந்திருந்தான். காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த என் அம்மா, அதாவது அவனுடைய அம்மிச்சி, நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏங்கண்ணு, கப்பல்ல நீ என்ன வேல பாக்கறே?"

"கயிறு புடிப்பனுங்க அம்மிச்சி. ராத்திரில கண்ணு முழிச்சுக் காவல் இருப்பன். சுக்கான் புடிப்பன்."

"கயிறு புடிக்கறதுக்கா பன்னண்டாவது வரைக்கும் படிச்சே?"

அவன் சிரித்துக்கொண்டே இருந்தானே தவிர, பதில் சொல்ல வரவில்லை. அதே வாரம் ஜாதகம் வாங்க வந்த தரகர், பயோடேட்டாவில் "நேவி, சீமேன்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "கேப்டனுக்கு அடுத்த போஸ்ட்டுங்களா? இல்ல, மெர்ச்சன்ட் நேவிங்களா? அதுல டாலர்ல சம்பளம்னு சொல்றாங்களே" என்று கேட்டார். வீட்டில் ஆளுக்கொரு பதில் சொன்னோம். எல்லாமே தப்பு. எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகிற ஊர் எங்களுடையது. மில்லில் சூப்பர்வைசர் யார், மேஸ்திரி யார் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கப்பலில் யார் யார் என்பது படித்தவர்களுக்கே தெரியவில்லை. அதனால் அவனை உட்காரவைத்து இரண்டு மூன்று சாயங்காலம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு நானாகப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கடல் வேலைக்குப் போக நினைக்கும் கொங்குப் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் இது உதவினால் போதும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சீமேன் என்ற சொல்லுக்கு நேர்த் தமிழ் கடலோடி. மாலுமி என்றும் சொல்கிறோம். கப்பலின் தலைவனுக்கு மீகாமன் என்று பழைய தமிழில் தனிச் சொல்லே உண்டு. ஆக, கப்பலில் போகிறவர்களெல்லாம் ஒரே ஆள் இல்லை என்பது நம் மொழிக்கு வெகுகாலமாகத் தெரிந்த விஷயம்தான். இன்றைய கப்பலிலும் பெரிய பிரிவு அதுவே: ஒரு பக்கம் ஆபீசர்கள், இன்னொரு பக்கம் கையால் வேலை செய்து கப்பலை நகர்த்துகிறவர்கள். வணிகக் கப்பலில் இந்த இரண்டாம் பக்கத்து ஆட்களை ரேட்டிங் என்பார்கள். கடற்படையில் செய்லர் என்பார்கள். பிரிட்டிஷ் காலத்தில் கடற்படையிலும் ரேட்டிங் என்ற பெயர்தான் இருந்தது. சீமேன் இந்த இரண்டாம் பக்கத்தில் நிற்பவர். தரகர் நினைத்தது போலக் கேப்டனுக்கு அடுத்தவர் இல்லை. ஆனால் "கயிறு புடிக்கற ஆளு" என்று அம்மா இளப்பமாக நினைத்ததும் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கயிற்றையே எடுத்துக்கொள்வோம். துறைமுகத்துக்கு வரும் கப்பலை அப்படியே கொண்டுபோய்க் கரையில் ஒட்ட வைத்துவிட முடியாது. சில மீட்டர் தூரம் இருக்கும்போதே கயிற்றால் கட்டி இழுத்து அணைக்க வேண்டும். கட்டுகிற கயிறோ ஆள் தொடை மொத்தம் கூட இருக்கும். அதை யாராலும் வீச முடியாது. அதனால் முதலில் ஒரு மெல்லிய கயிறு. அதன் நுனியில் கனத்துக்கு ஒரு முடிச்சு உருண்டை. தளத்தில் நிற்கும் சீமேன் அந்தக் கயிற்றைச் சுருளாகக் கையில் வாங்கி, பாதியை ஒரு கையிலும் பாதியை மறு கையிலும் வைத்துக்கொண்டு கரைக்கு வீசுவான். கரையில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுக்க, அதன் பின்னாலேயே பெரிய வடம் தண்ணீரில் இறங்கிக் கரைக்குப் போகும். அங்கே இரும்புக் குற்றியில் மாட்டுவார்கள். காற்று எதிரே அடித்தால் மெல்லிய கயிறு திரும்பி வந்து தண்ணீரில் விழும். அப்போது மொத்தக் கப்பலும் அந்த ஒரு ஆள் மறுபடி வீசுவதற்காகக் காத்து நிற்கும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். "கவலை மாதிரி. வடக்கவுறு ஒண்ணு, வால்கவுறு ஒண்ணு." மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதைத்தான் கவலை என்போம். ஆமாம், கவலை இறைத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கனத்த கயிறு பாரத்தைத் தாங்கும், மெல்லிய கயிறு வழி காட்டும். வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். கப்பலில் அது இன்னும் மோசம். செயற்கை நூல் கயிறு இழுவிசையில் ரப்பர் போல நீளும். அறுந்தால் அந்த விசை முழுவதும் ஒரே நொடியில் பின்னால் பாயும். நிற்கிறவன் காலையோ உயிரையோ வாங்கிவிடும். எந்த இடத்தில் நின்றால் அந்த அடி விழும் என்று பார்த்து விலகி நிற்பதுதான் புதிதாக வரும் பையனுக்குச் சொல்லித் தரும் முதல் பாடங்களில் ஒன்று. கயிற்றைத் தாண்டி நிற்காதே, சுருளுக்குள் கால் வைக்காதே, இழுவையில் இருக்கும் கயிற்றுக்கு நேரே நிற்காதே.

அன்றைக்கே எங்கள் போர்வெல்லில் மோட்டார் இறக்கும் வேலை இருந்தது. மோட்டாரோடு சேர்த்து இறக்கும் நைலான் கயிற்றை வழக்கம்போல இரண்டு மூன்று முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தார் பிட்டர். மாப்பிள்ளை வாங்கி வேறு விதமாகக் கட்டினான். ஒரு சின்ன வளையம், நுனியை அதற்குள் கீழிருந்து மேலே விட்டு, நிற்கும் கயிற்றைச் சுற்றி, அதே வளையத்துக்குள் திரும்ப இறக்கி, இழுப்பு. அவ்வளவுதான். பௌலைன் என்று அதற்குப் பெயர். எவ்வளவு பாரம் இழுத்தாலும் கண்ணி சுருங்காது, பாரம் போனதும் விரலால் நெம்பினால் அவிழும். சுருக்கு முடிச்சு போட்டு ஆளைக் கட்டி இறக்கினால் நெஞ்சை நெரித்துவிடும், இதில் நெரிக்காது என்றான். பிட்டர் இரண்டு தடவை கட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவை தானாகவே போட்டார்.

காவல் என்று அவன் சொன்னது இன்னும் முக்கியமான வேலை. கடலில் நாள் முழுவதும் நான்கு மணி நேரத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு துண்டுக்கு வாட்ச் என்று பெயர். வணிகக் கப்பலில் பெரும்பாலும் நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு. பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வாட்ச் கிடைத்தவனுக்குப் பகலிலும் அதே நேரம், நடு ராத்திரியிலும் அதே நேரம். நம் மில்லின் மூன்று ஷிப்ட் போலத்தான், ஆனால் வாரம் மாறினாலும் தானாக மாறாது. கடற்படையில் ஒரே ஆள் தினமும் நடு ராத்திரியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் நான்கு முதல் எட்டு வரையுள்ள துண்டை இரண்டு இரண்டு மணியாக வெட்டிவிடுவது. ஒரு நாளைக்கு ஆறு துண்டு ஏழு துண்டாகும்போது முறை தானாகவே தினம் ஒரு படி நகரும். எளிமையான கணக்கு. பாய்மரக் காலத்திலிருந்து வருகிறது.

ராத்திரி வாட்சில் கண்காணிப்புக்கு நிற்கும் சீமேன் செய்வது இதுதான்: இருட்டில் பார்ப்பது. ராடார் இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கப்பலும் எப்போதும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஆகவே வாட்சுக்கு வருகிறவன் முன்கூட்டியே வந்து இருட்டில் நிற்பான். செல்போன் வெளிச்சம் ஒரு முறை கண்ணில் பட்டால் மறுபடி முதலிலிருந்து. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் அது என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்தக் கப்பலின் இடப்பக்கத்தைப் பார்க்கிறோம். சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்தால் அது நேராக நம்மை நோக்கி வருகிறது. அப்போது இரண்டு கப்பல்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது விதி. பல ஆயிரம் டன் சரக்கோடும் இருபது முப்பது உயிரோடும் போகும் கப்பலில் "முன்னால் சிவப்பும் பச்சையும்" என்று முதலில் சொல்கிறவன் பெரும்பாலும் இருபது வயது சீமேன்தான். கடல் வேலைக்கு நிறக்குருடு இருக்கக் கூடாது என்று டாக்டர்கள் கறாராகச் சோதிப்பது இதனால்தான்.

சுக்கான் வேலையில் எனக்குப் பிடித்தது ஒரு பழக்கம். ஆபீசர் "போர்ட் டென்" என்கிறார். சுக்கானை இடது பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று பொருள். சுக்கானில் நிற்பவன் உடனே திருப்ப மாட்டான். முதலில் "போர்ட் டென்" என்று அதே சொல்லைத் திருப்பிச் சொல்வான். பிறகு திருப்புவான். முள் பத்தைத் தொட்டதும் மறுபடி அறிவிப்பான். காதில் விழுந்தது சரிதானா, செய்தது சரிதானா என்று இரண்டு பேருக்கும் ஒவ்வொரு தடவையும் தெரிந்துவிடும். சுக்கான் பிடிப்பவனுக்குச் சுக்கானி என்ற பெயர் நம் பக்கத்துக் கப்பல்களில் இருந்தது. அதுவே ஆங்கிலேயர் வாயில் சீகன்னி என்று திரிந்தது. சேராங், டிண்டல், சுக்கானி என்று இந்தியக் கடலோடிகளின் பதவிப் பெயர்கள் வெள்ளைக்காரர்களின் கப்பல் பதிவேடுகளில் ஏறியிருக்கின்றன. ஆட்களின் பெயரைத்தான் நாம் யாரும் படித்ததில்லை.

கோவையில் இருப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க ஓர் இடம் உண்டு. கப்பலோட்டிய தமிழன் என்று நாம் கொண்டாடும் வ.உ.சி. செக்கிழுத்தது கோவை மத்திய சிறையில்தான். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கலியா, லாவோ என்ற கப்பல்களை விட்டதற்கு அவர் கொடுத்த விலை அது. அவர் கப்பலை நடத்தியவர். அந்தக் கப்பல்களில் வடம் பிடித்தவர்கள், நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள் யார் என்று கேட்டால் என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. சீமேன் என்ற சொல்லுக்கு மரியாதை வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சரி, பதவிகளுக்கு வருவோம். இந்தியக் கடற்படையில் செய்லர்களின் படிகள் கீழிருந்து மேலே இப்படிப் போகும். சீமேன் இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் சீமேன் முதல் வகுப்பு. இந்த இரண்டு பேருக்கும் கையில் பதவிச் சின்னம் எதுவும் கிடையாது. மூன்றாவது லீடிங் சீமேன். இவர் சட்டைக் கையில் கயிறு சுற்றிய ஒரு நங்கூரம் இருக்கும். ராணுவத்தில் நாயக் என்பதற்குச் சமம். நான்காவது பெட்டி ஆபீசர். குறுக்காக வைத்த இரண்டு நங்கூரம் இவர் அடையாளம். ஹவில்தாருக்குச் சமம். அதற்கு மேல் சீஃப் பெட்டி ஆபீசர், மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் இரண்டாம் வகுப்பு, அதே பதவியில் முதல் வகுப்பு. இவை ராணுவத்து நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜருக்கு இணை. பெட்டி ஆபீசர் என்ற பெயரில் ஆபீசர் என்று வந்தாலும் அவர் செய்லர்தான். கல்யாணப் பேச்சில் நிறையப் பேர் குழம்புவது இந்த இடத்தில்.

ஆபீசர் வழி வேறு. அதன் கீழ்ப்படியில் கேடட், மிட்ஷிப்மேன், சப் லெப்டினன்ட் என்று வரும். மிட்ஷிப்மேன் என்பவர் பயிற்சியில் இருக்கும் இளம் ஆபீசர். கேரளத்தில் கண்ணூர் பக்கம் ஏழிமலையில் இருக்கும் இந்தியக் கடற்படை அகாடமியில் தொடங்கும் பாதை அது. செய்லராகச் சேர்ந்தவர்களும் தேர்வெழுதி ஆபீசராகும் வாய்ப்பு உண்டு. நடுவில் சுவர் இல்லை, படி உயரம், அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சீமேன் என்பது பதவியின் பெயர் மட்டுமில்லை, வேலைப் பிரிவின் பெயரும்கூட. தளம், கயிறு, சுக்கான், பீரங்கி, ராடார், நீர்மூழ்கிகளை ஒலியால் தேடும் சோனார், முக்குளிப்பு எல்லாம் சீமேன் பிரிவு. எஞ்சின், மின்சாரம், செய்தித் தொடர்பு, மருத்துவம், சமையல், ஸ்டோர் என்று மற்றப் பிரிவுகள் தனி. ஆகவே பதவிச் சொல்லும் பிரிவுச் சொல்லும் சேர்ந்துதான் ஒருவரின் முழுப் பெயர். செய்தித் தொடர்பில் இருக்கும் லீடிங் ஆள் லீடிங் சீமேன் ஆகமாட்டார்.

இதற்கு வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற கடற்படைச் சிக்னல் பள்ளியில் ரேட்டிங்குகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மோசமான சாப்பாடு, வெள்ளை அதிகாரியின் இழிவான பேச்சு, இந்தியர் என்பதால் குறைந்த மரியாதை. எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்கும் சுமார் 20,000 பேருக்கும் ஒரு வாரத்துக்குள் அது பரவியது. அவர்கள் அமைத்த மத்திய வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் எம்.எஸ். கான், துணைத் தலைவர் மதன் சிங். கானின் பதவி லீடிங் சிக்னல்மேன். மதன் சிங்கின் பதவி பெட்டி ஆபீசர் டெலிகிராபிஸ்ட். இப்போது படித்தால் உங்களுக்கே புரியும்: ஒருவர் ஒற்றை நங்கூரப் படி, இன்னொருவர் அதற்கு அடுத்த படி. இருவருமே செய்தித் தொடர்பு ஆட்கள். கப்பலுக்குக் கப்பல் சேதி சொல்லும் வேலை அவர்கள் கையில் இருந்ததால்தான் போராட்டம் அவ்வளவு வேகமாகப் பரவியது. பிரிட்டிஷ் அரசைக் கலங்க வைத்தவர்கள் அட்மிரல்கள் இல்லை, இந்தக் கீழ்ப்படிக்காரர்கள்.

2022லிருந்து சேர்கிறவர்கள் அக்னிவீர் என்ற தனிப் பதவியில் நுழைகிறார்கள். வயது பதினேழரையிலிருந்து 21 வரை, நான்கு ஆண்டு வேலை, அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரை நிரந்தரத்துக்கு. பன்னிரண்டாவதில் கணக்கும் இயற்பியலும் படித்தவர்களுக்கு எஸ்.எஸ்.ஆர்., பத்தாவது முடித்தவர்களுக்கு எம்.ஆர். என இரண்டு வழி. பயிற்சி ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவில். 2023 மார்ச்சில் அங்கே முதல் அணி பயிற்சி முடித்தபோது அதில் பெண்களும் இருந்தார்கள். நான்கு ஆண்டுக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே பதில் தேடிவிட்டு அனுப்புங்கள். முக்கால்வாசிப் பேர் வெளியே வரும் ஏற்பாடு அது.

கோயமுத்தூர் ரெட்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் ஐ.என்.எஸ். அக்ரணி என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஐ.என்.எஸ். என்றால் கப்பல்தானே, கடலில்லாத கோவையில் எப்படி என்று நானும் யோசித்ததுண்டு. கடற்படையில் கரையிலிருக்கும் முகாமுக்கும் கப்பல் போலவே பெயர் வைப்பார்கள். அக்ரணி, செய்லர்களுக்குத் தலைமைப் பண்பு சொல்லித் தரும் இடம். பெட்டி ஆபீசர் நிலையில் இருப்பவர்கள் நாட்டின் எல்லாக் கடற்கரைகளிலிருந்தும் இதற்காகக் கோவைக்கு வருகிறார்கள். ஒரு செய்லரின் வாழ்க்கையில் இது பெரிய திருப்பம் என்றான் மாப்பிள்ளை. "அது வரைக்கும் நாம கயித்த ஒழுங்காப் புடிச்சாப் போதும் மாமா. அதுக்கப்புறம் நாலு பேரு ஒழுங்காப் புடிக்கறாங்களான்னு பாக்கோணும். ஒருத்தன் கை நசுங்குனா நம்ம பேரு." தொழில்நுட்பம் சொல்லித் தர ஜாம்நகரில் ஒரு பள்ளி, லோனாவாலாவில் ஒரு பள்ளி, கொச்சியில் பல. ஆளை நடத்தச் சொல்லித் தரும் பள்ளி மட்டும் நம்ம ஊரில். எனக்கு இதில் உள்ளபடியே பெருமை.

தரகர் கேட்ட மெர்ச்சன்ட் நேவி முழுக்க வேறு உலகம். நேவி என்ற பெயர் இருப்பதால் ராணுவம் என்று நினைத்துவிடக் கூடாது. அது சரக்குக் கப்பல் வேலை. துப்பாக்கியும் இல்லை, அரசு வேலையும் இல்லை. தளத்தில் முதலில் ஆர்டினரி சீமேன், பிறகு ஏபிள் சீமேன், அதற்கு மேல் எல்லாரையும் வேலை வாங்கும் போசன். பழைய சேராங்குதான் இன்றைய போசன். எஞ்சின் பக்கம் வைப்பர், ஆயிலர், பிட்டர். கடலோடிகளின் பயிற்சி பற்றி 2010இல் மணிலாவில் திருத்திய சர்வதேச ஒப்பந்தம் ஏபிள் சீஃபேரர் என்ற பெயரைப் பயன்படுத்துகிறது. அந்தத் தகுதி பெற 18 மாதம் கடல் வேலை வேண்டும், அங்கீகரித்த பயிற்சியும் எடுத்திருந்தால் 12 மாதம். இங்கே மேலே ஏறுவதற்கு அளவுகோல் கடலில் கழித்த நாட்கள்தான். அவை எல்லாம் சி.டி.சி. என்கிற புத்தகத்தில் ஏறும். கப்பலில் ஏறிய தேதி, இறங்கிய தேதி, கப்பலின் பெயர், கேப்டன் கையெழுத்து. கடலோடிக்கு அது பாஸ்புக்கும் பாஸ்போர்ட்டும் சேர்ந்த மாதிரி.

இவர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேரம். ஒரு வருடம் ஆவதற்குள் கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும்விட நம்மவர்கள் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: கப்பலில் வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம்.

இதை ஏன் இப்படி அழுத்துகிறேன் என்றால், எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் இதில் அடிபட்டான். ஆறு மாதப் பயிற்சி என்று ஓர் இடத்தில் சேர்ந்தான். முடித்ததும் ஒரு ஏஜென்ட், கப்பல் ரெடி, மூன்று லட்சம் கட்டினால் அடுத்த மாதம் ஏறிவிடலாம் என்றார். அவன் அப்பா இரண்டு கறவை மாட்டையும் விற்று, மீதிக்குக் கடன் வாங்கிக் கட்டினார். எட்டு மாதம் மும்பையில் ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடந்துவிட்டு, கப்பலையே பார்க்காமல் திரும்பி வந்தான். அந்த நெரிசலில் படுத்துக் கிடந்தபோது அவன் அப்பாவுக்குப் போன் செய்து "நல்லா இருக்கனுங்கப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு தாங்கவில்லை.

ஆகவே, பயிற்சி நிலையம் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்ததா என்று முதலில் பாருங்கள். அதன் தலைமையகம் மும்பையில் இருக்கிறது, பட்டியல் இணையத்தில் இருக்கிறது. ஆள் எடுக்கும் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் இருக்கிறதா என்று அதே தளத்தில் பாருங்கள். உரிமம் இல்லாதவரிடம் பேச்சே வேண்டாம். உரிமம் இருந்தும் வேலைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மாட்டை விற்கும் முன் ஒரு பத்து நிமிடம், அவ்வளவுதான் செலவு.

மூன்றாவதாகக் கடலோரக் காவல்படை. 1977 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. இங்கே சீமேன் என்ற சொல்லுக்குப் பதில் நாவிக் என்பார்கள். நாவிக், உத்தம் நாவிக், பிரதான் நாவிக், அதற்கு மேல் 'அதிகாரி' (இங்கே இது ஒரு படியின் பெயர்) என்று தொடரும். கடத்தலைத் தடுப்பது, புயலில் மாட்டிய மீனவர்களை மீட்பது போன்ற வேலைகள். பாதுகாப்புத் துறையின் கீழ்தான் வரும், ஆனால் கடற்படை இல்லை.

கடலுக்கும் கொங்குக்கும் ஒட்டே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போய்விட்டு மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடும் தூரத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். அங்கே மண்ணைத் தோண்டினால் மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும் இரும்பு உருக்கிய அடையாளங்களும் கிடைக்கின்றன. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரிலும், கரூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன சரக்கு யாரோ ஒரு கடலோடியின் கையில் ஏறித்தான் ரோமாபுரிக்குப் போனது. நாம் மணியைத் துளைத்தோம், அவன் கப்பலைக் கொண்டுபோனான். இரண்டு பக்கமும் சேர்ந்ததுதான் வியாபாரம்.

கடல் தெரியாதே, நம் பிள்ளைக்கு நீச்சல் வருமா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி அறுபது அடிக் கிணற்றில் தள்ளிவிடப்பட்டு நீந்தப் பழகிய ஊர் இது. கிணற்று நீச்சல் தெரிந்த பையனுக்கு நீச்சல் குளத்துத் தேர்வு பெரிதில்லை. கடினம் வேறு இடத்தில். முதல் சில நாள் கடல் குமட்டல், மாதக்கணக்கில் நாலு சுவருக்குள் அதே முகங்கள், பொங்கலும் நோம்பியும் நாள்காட்டியில் மட்டும் வந்துபோவது. வீட்டில் யாராவது தவறினால் வந்துசேர முடியாது. என் அப்பா, அதாவது அவனுடைய அப்புச்சி, இறந்தபோது மாப்பிள்ளை நடுக்கடலில் இருந்தான். சேதி கேட்ட பிறகும் அன்றைய ராத்திரி வாட்சுக்கு நின்றேன் என்றான். அவனை மாற்றிவிட ஆள் தயாராக இருந்தும், படுத்தால் தூக்கம் வராது, நின்றாலாவது நாலு பேருக்கு உதவும் என்று நின்றானாம். இதை அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் அவனுக்கு இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்.

தரகருக்குப் புது பயோடேட்டா எழுதிக் கொடுத்தோம். வேலை: இந்தியக் கடற்படை, செய்லர். பதவி: லீடிங் சீமேன், ராணுவத்து நாயக்குக்குச் சமம். பிரிவு: சீமேன், ராடார். இருப்பிடம்: விசாகப்பட்டினம், கப்பல். தரகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "கப்பல்னே போட்டுடலாமுங்களா? பொண்ணு வீட்டுல கேப்பாங்க" என்றார்.

"போடுங்க," என்றார் அம்மா. "ராத்திரில கண்ணு முழிக்கற வேலைன்னும் சேத்திச் சொல்லிப் போடுங்க. அது தெரிஞ்சு வர்ற புள்ளையா இருக்கட்டும்."